மாணவர் தொண்டும் ஆலயத்தின் கடமையும்

(திருவிழா உரையின் எழுத்து வடிவம்)

 

டோபி காட் என்ற பெயரைக் கேட்டவுடன் இன்றைய இளையர் நினைவில் எழுவது மூன்று விரைவு ரயில் தடங்கள் சந்திக்கும் பெரிய நிலையம். அப்பெயரின் பிறப்போ வேறு. ‘டோபி’ என்பது சலவைத் தொழிலாளியையும் ‘காட்’ என்பது படித்துறையையும் குறிக்கும். வங்காளத்திலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள், அங்கு ஓடிய ஓடையில் ஊரார் துணிகளை வெளுத்துப் பக்கத்துத் திடலில் உலர்த்தினர். அவ்வட்டாரத்திலேயே, ஆர்ச்சர்ட் சாலையோரம், 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலிருந்து ஸ்ரீ சிவன் ஆலயம் விளங்கியது. விரைவு ரயில் பணிக்காக 1983இல் ஆலயம் அவ்விடத்தை விட்டுப் பெயர்ந்தது. சில ஆண்டுகள் சிராங்கூன் சாலையில் தற்காலிகமாக இருந்து, 1993இல் கேலாங் ஈஸ்ட்டில் புதுக்கோயில் குடமுழுக்குக் கண்டது. டோபி காட் நிலையம் 1987இல் திறக்கப்பட்டது. இன்று அங்கு ரயிலேறுவோரில் எத்தனை பேர் அந்தப் பழைய சந்நிதியை அறிவர் என்பது ஐயமே.

அந்த நிலையத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் வளாகம். 2000ஆம் ஆண்டில் தோன்றிய அப்பல்கலைக்கழகம் 2005இல் நகர நடுவே இவ்விடத்திற்கு வந்தது. வணிகம், கணக்கியல், பொருளியல், சட்டம் முதலிய துறைகளைக் கற்பிக்கும் நிலையம் அது. நாளை வங்கியிலும் நிறுவனத்திலும் உயர்பொறுப்பு வகிக்கப் போகிறவர்கள் அங்கே பயில்கின்றனர். அத்தகைய பல்கலைக்கழகம் தன் இளங்கலை மாணவர்க்கு ஒரு விதி வகுத்தது. பாடங்களில் எத்துணைச் சிறந்த மதிப்பெண் பெற்றாலும், 80 மணி நேரச் சமூகத் தொண்டு செய்து முடிக்காதவர் பட்டம் பெற இயலாது என்பதே அவ்விதி. சிங்கப்பூரில் தொண்டைப் பட்டத்தோடு இவ்வாறு பிணைத்த முதல் பல்கலைக்கழகம் அதுவே.

இவ்விதியின் பயனும் குறையும் பல்கலைக்கழகத்தார் மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டியவை போலத் தோன்றலாம். அவ்வாறன்று. 80 மணி நேரத்தையும் மாணவர் வகுப்பறைக்குள் செலவிடுவதில்லை. முதியோர் இல்லத்திற்கும், துணைப்பாட வகுப்பிற்கும், உடற்குறையுடையோர் பள்ளிக்கும், ஆலயத்திற்கும் அவர்கள் வருகின்றனர். அவர்களை வரவேற்று, வேலை கொடுத்து, முடிவில் தாளில் கையொப்பமிடுகிறவர்கள் இத்தகைய அமைப்புகளின் பொறுப்பாளர்களே. ஆகவே மாணவர் தொண்டு செழிப்பதும் வாடுவதும் பாதிக்குமேல் அவர்களை ஏற்கும் இடத்தைப் பொறுத்தது.

முதலில் ஒரு வினா எழும். கட்டாயத்தின் பேரில் செய்வது தொண்டாகுமா? சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்னும் சொல் கூலியின்றிக் கட்டாயமாகச் செய்ய வேண்டிய ஊர்ப்பணியைக் குறித்தது. பிற்காலத்தில் பயனற்ற வேலைக்கே ‘வெட்டி வேலை’ என்ற பெயர் ஏற்பட்டுவிட்டது. கட்டாயத்தால் பெற்ற உழைப்பை மக்கள் எவ்வாறு மதித்தனர் என்பதற்கு அச்சொல்லின் வரலாறே போதும்! இந்நாட்டுத் தமிழர் ‘தொண்டூழியம்’ என்னும் அழகிய சொல்லை வழக்கிற்குக் கொண்டு வந்துள்ளனர். அச்சொல்லுக்கு உயிர் தருவது விருப்பம். விருப்பமும் விதியும் ஓரிடத்தில் தங்குமா என்பதே வினா.

உலகம் இதைப் பலவாறு செய்து பார்த்திருக்கிறது. மெக்சிகோ நாட்டில் 1936இல் மருத்துவ மாணவர்களிடம் தொடங்கிய சமூகப் பணி, பின்னர்ச் சட்டமாகி, பல்கலைக்கழகப் பட்டத்திற்கு 480 மணி நேரப் பணி இன்றியமையாதது என்றாயிற்று. மருத்துவர் காணாத சிற்றூர்கள் முதன்முதலில் மருத்துவரைக் கண்டது அத்திட்டத்தினால். இந்தியாவில் காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24ஆம் நாள் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கியது. தமிழ்நாட்டில் கல்லூரியில் பயின்று இங்கு வந்து பணிபுரியும் அன்பர்கள் பலர் அதன் முகாம்களில் மண்வெட்டி பிடித்தவர்கள்தாம். ஈராண்டில் 240 மணி நேரமும் ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் ஒழுங்கு. அங்கே சேர்வது மாணவர் விருப்பம். சேர்ந்தபின் கணக்கு உண்டு. சிங்கப்பூர்ப் பள்ளிகளிலோ 1997இல் சமூக ஈடுபாட்டுத் திட்டம் வந்து, ஆண்டிற்குக் குறைந்தது ஆறு மணி நேரம் என்ற அளவு ஏற்பட்டது. எனவே அத்திட்டம் நடந்த காலத்தில் பல்கலைக்கழக வாயிலை மிதித்த சிங்கப்பூர் மாணவருக்கு மணிக்கணக்கு புதிதாக இருக்கவில்லை.

1999இல் வெளியான ஓர் அமெரிக்க உளவியல் ஆய்வு இங்குக் கருதத்தக்கது. கட்டாயத் தொண்டில் ஈடுபட்ட கல்லூரி மாணவர்களை ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். தம்மை யாரோ பிடித்துத் தள்ளுகிறார்கள் என்று உணர்ந்தவர்களிடம், முன்பு செய்த தொண்டு பின்னர்த் தாமாகத் தொண்டு செய்யும் எண்ணமாக வளர்வது குறைந்திருந்தது. அவ்வாறு உணராதவர்கள் அத்துணைப் பாதிக்கப்படவில்லை. விதி ஒன்றாக இருந்தும் விளைவு வேறுபட்டது. தாம் செய்யும் பணியைத் தாமே தேர்ந்தெடுத்தோம் என்ற எண்ணம் மாணவருக்கு எவ்வளவு இருந்தது என்பதே வேறுபாட்டின் வேர். இதில் ஆலயங்களுக்கு ஒரு நற்செய்தி உண்டு. விதியை மாற்றுவது ஆலயத்தின் கையில் இல்லை. மாணவர் வந்து நிற்கும்போது, “இந்த நான்கு பணிகள் உள்ளன, எதைச் செய்ய விருப்பம்?” என்று கேட்பது ஆலயத்தின் கையில் இருக்கிறது.

80 மணி நேரம் என்பது எவ்வளவு? நாளுக்கு எட்டு மணி நேரம் வீதம் பத்து நாள். விடுமுறையில் அயல்நாட்டுச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்று பள்ளிச் சுவருக்கு வண்ணம் தீட்டித் திரும்புவோர் ஒரு பயணத்திலேயே கணக்கின் பெரும்பகுதியை முடித்துவிடலாம். வாரத்திற்கு இரண்டு மணி நேரம் வீதம் என்றால் அதே 80 மணி நேரம் 40 வாரம் ஆகும். 40 வாரம் என்பது ஏறத்தாழ ஒரு பள்ளி ஆண்டு. ஒரு குழந்தையின் அருகில் ஓராண்டு முழுதும் அமர்ந்து கணிதமும் வாசிப்பும் சொல்லிக் கொடுத்தவருக்கும், பத்து நாளில் முடித்தவருக்கும் தாளில் விழும் எண் ஒன்றே. எண்ணிற்கு வேறுபாடு தெரியாது, குழந்தைக்குத் தெரியும்.

இங்கேதான் இப்பொருளின் வலி இருக்கிறது. துணைப்பாடம் படிக்க வரும் குழந்தைகளுள் பலர், வீட்டில் பாடம் சொல்லித் தர ஆளில்லாதவர்கள். தாய் தந்தையர் இருவரும் முறைமாற்றி வேலைக்குச் செல்வர். அத்தகைய குழந்தை ஓர் ‘அண்ணனை’யோ ‘அக்கா’வையோ நம்பத் தொடங்குவதற்கே இரண்டு மாதம் ஆகும். நம்பிக்கை வேர்விடும் நேரத்தில் அண்ணனின் கணக்கு நிறைவெய்துகிறது. அடுத்த வாரம் அவர் வருவதில்லை. வேறொருவர் வருகிறார். அவரிடம் குழந்தை மீண்டும் தன் பெயரிலிருந்து தொடங்க வேண்டும். மாணவர் எவ்விதியையும் மீறவில்லை, அமைப்பும் மீறவில்லை. ஆயினும் இழப்பு குழந்தைக்கே. இந்திய மாணவர்தம் கல்வி நிலையை ஆராய்ந்தபின் 1991இல் சிண்டா அமைக்கப்பட்டபோது சமுதாயத்தை வருத்திய கவலை, கணிதத்திலும் மொழியிலும் பின்தங்கிய பிள்ளைகளைப் பற்றியதே. அக்கவலை இன்று தணிந்திருக்கலாம், தீர்ந்துவிடவில்லை. ஆகவே பிள்ளைகளோடு தொடர்புள்ள பணிக்கு ஓராண்டு வரக்கூடியவர்களை மட்டுமே ஏற்பது நலம். இரண்டு வாரமே இயலும் என்பவர்க்கு அன்னதானக் கூடமும் நூலகமும் திருவிழாப் பந்தலும் காத்திருக்கின்றன. அவையும் தாழ்ந்த பணிகளல்ல.

காலக்கணக்கில் சற்றே கவனம் செலுத்தினாலும் பெரும்பயன் உண்டு. பல்கலைக்கழகத்தின் முதற்பருவம் ஆகஸ்ட்டில் தொடங்கி நவம்பர் இறுதி, டிசம்பர்த் தொடக்கத் தேர்வுகளுடன் முடிவடையும். இரண்டாம் பருவம் ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் இறுதித் தேர்வுகளை நோக்கிச் செல்லும். தைப்பூசம் இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில் வருவதால் மாணவர்க்கு வசதியான திருநாள். பங்குனி உத்திரமோ தேர்வு நெருங்கும் வேளை. தீமிதித் திருவிழா தீபாவளிக்கு முன்னர், பருவ இறுதிக் கட்டுரைகளை மாணவர் எழுதி ஒப்படைக்கும் நேரத்தில் வரும். தொடக்கநிலை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் தேர்வு செப்டம்பர், அக்டோபரில். அவர்களுக்குத் துணை மிகவும் தேவைப்படும் மாதங்கள் ஆகஸ்ட்டும் செப்டம்பரும். அம்மாதங்களில் பல்கலைக்கழகத் தேர்வுகள் இல்லை. எனவே ஜனவரியில் தொடங்கி, ஏப்ரலில் சிறிது தளர்த்தி, மே முதல் செப்டம்பர்வரை இறுக்கிப் பிடிக்கும் ஒரு கால அட்டவணை, மாணவர்க்கும் பிள்ளைகளுக்கும் பொருந்தும். இதை வகுப்பதற்கு ஒரு வெள்ளியும் செலவில்லை. ஒரு மாலைப் பொழுது போதும்.

மாணவர்க்கு ஆதரவு என்றால் பலர் உடனே உணவுப் பொட்டலத்தையும் சட்டையையும் நினைக்கின்றனர். ஆலயப் பெயர் பொறித்த சட்டை நல்லதே. கூட்டத்தில் அடையாளம் தெரியும். ஆனால் இளையரை மனம் தளரச் செய்வது பசியன்று. காலை ஏழு மணிக்கு வந்து நின்றால் என்ன செய்வதென்று சொல்ல ஆளில்லாமை, ஒருவர் ‘இங்கே நில்’ என்றும் மற்றவர் ‘அங்கே போ’ என்றும் சொல்வது, ஐந்து பேர் வேலைக்கு இருபது பேரை வரவழைத்துச் சும்மா நிறுத்துவது ஆகியவையே அவர்களை அடுத்த முறை வராமற் செய்கின்றன. தொண்டூழியர்க்கென ஒரு பொறுப்பாளரை நிர்வாகக் குழு நியமித்து, அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் முன்கூட்டியே அறிவித்துவிட்டால் இக்குறைகளில் பாதி நீங்கும். முதல் நாள் அரைமணி நேர விளக்கம் வேண்டும். வெப்பத்தில் மயங்கி விழுவோரை எங்குக் கொண்டுசெல்வது, பிள்ளை காணாமற்போனால் யாரிடம் சொல்வது, காவடி எடுப்பவர்க்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பன போன்றவை அதில் இடம்பெற வேண்டும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் இடத்தில் பெரியவர் ஒருவர் எப்போதும் பார்வையில் இருத்தல் இருபாலார்க்கும் காப்பு. கனமான பொருள் தூக்கும் பணிக்கும், சாலையோரப் பணிக்கும் காப்புறுதி உண்டா என்று ஒருமுறை வினவித் தெளிவதும் குழுவின் கடமை. நள்ளிரவுக்குப் பின் பணி முடிப்பவர் வீடு திரும்பும் வழியையும் எண்ண வேண்டும். பகுதிநேர வேலை செய்து படிக்கும் மாணவருக்கு வாடகை வண்டிக் கட்டணம் சிறு தொகையன்று.

இந்து சமயத்தவர் அல்லாத மாணவரும் வருவர் என்பதை மறத்தலாகாது. சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டோபி காட் வட்டாரத்தைக் கடந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயத்திற்குக் காவடிகள் செல்லும் நாளில், வழிநெடுகத் தண்ணீர் வழங்கவும் குப்பை அகற்றவும் எச்சமயத்தவரும் துணை நிற்கலாம். காலணியை எங்கே கழற்றுவது, எந்த எல்லைக்கு மேல் செல்லலாகாது என்று இன்முகத்தோடு முன்னரே சொல்லிவிட்டால் அவர்களுக்குத் தயக்கம் இராது.

மாணவப் பருவத்துப் பயிற்சி ஒருவரை எங்குக் கொண்டு சேர்க்கும் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்று உண்டு. மறைந்த எஸ்.ஆர். நாதன் அவர்கள் இளமையில் பள்ளியை விட்டு நீங்கி, வேலை பார்த்து, வேலைக்கிடையே படித்து, சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1954இல் சமூகவியல் பணித்துறையில் பட்டயம் பெற்றவர். 1955இல் மருத்துவச் சமூகப் பணியாளராக அரசுப் பணியைத் தொடங்கினார். நோயாளியின் படுக்கையருகே நின்று அவர் குடும்பத்தின் நிலையைக் கேட்டறிவது அவ்வேலையின் முதற்பாடம். பின்னர் உயர்பதவிகள் பல வகித்த காலத்தும், 1983 முதல் 1988 வரை இந்து அறக்கட்டளை வாரியத்தின் தலைவராக இருந்தார். சிவன் ஆலயம் டோபி காட்டை விட்டுப் பெயர்ந்த காலமும் அதுவே. சிண்டாவின் தொடக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. 1999இல் குடியரசுத் தலைவரானபின், 2000இல் அதிபர் சவால் என்னும் அறநிதி முயற்சியைத் தொடங்கினார். 2011இல் பதவிக்காலம் நிறைவுற்றபின் டோபி காட் அருகிலுள்ள அதே நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் மதிப்புறு மூத்த ஆய்வாளராகவும் விளங்கினார். அவர் பயின்ற காலத்தில் 80 மணி நேர விதி இல்லை. ஆனால் சமூகப் பணி மாணவர் களத்திற்குச் சென்றே ஆக வேண்டும். களத்திலே அவரை வழிநடத்த ஆசிரியர் இருந்தார். விதியும் வழிகாட்டியும் சேர்ந்திருந்தன என்பது கவனிக்கத்தக்கது.

இனி அங்கீகாரம். தொண்டு செய்தவருக்குப் பாராட்டு எதற்கு என்று கேட்கும் பெரியோர் உளர். திங்களூர் அப்பூதியடிகள் வரலாற்றை அவர்கள் எடுத்துக்காட்டுவர். தண்ணீர்ப்பந்தல் முதலாகத் தாம் செய்த அறங்கள் அனைத்திற்கும் அவர் தம் பெயரை இடவில்லை. நேரில் கண்டிராத திருநாவுக்கரசர் பெயரையே இட்டார். அவ்வழியே வந்த நாவுக்கரசர், உம் பெயரை ஏன் இடவில்லை என்று வினவ, அடிகள் சினந்தார். தொண்டர் தம் பெயரை மறைத்தது பெருமை. ஆனால் அவ்வறத்தை ஊரும் மறைத்ததா? இல்லை. சேக்கிழார் பெருமான் அதனைப் புராணத்திலேயே பதிந்து வைத்தார். செய்தவர் பெயரை மறைக்கலாம்; பெற்றவர் மறைப்பது முறையாகாது.

விழா மலர்களைப் புரட்டினால் ஒன்று தெரியும். 51 வெள்ளி அளித்தவர் பெயரும் 101 வெள்ளி அளித்தவர் பெயரும் வரிசையாக அச்சாகியிருக்கும். அது முறையே. ஆனால் இரவு முழுதும் காலணிக் கூடத்தில் நின்றவர்களும், மறுநாள் காலை அண்டா கழுவியவர்களும் ‘மற்றும் பல தொண்டர்கள்’ என்ற ஒரு வரிக்குள் அடங்கிவிடுவர். அச்செலவு கூடுமே என்று பொருளாளர் கவலைப்படலாம். ஒரு பக்கம்தானே!

மேடையில் பொன்னாடை போர்த்துவது ஒரு சிலருக்கே இயலும். யாருக்கு, யாருக்கில்லை என்ற மனக்கசப்பும் அதனால் விளையும். மாணவருக்கு மெய்யாகவே பயன்படுவது உண்மையான ஒரு கடிதம். ‘இவர் 80 மணி நேரம் தொண்டாற்றினார்’ என்று எல்லார்க்கும் ஒரே அச்சில் வழங்கும் சான்றிதழை வேலைக்கு அழைக்கும் நிறுவனம் ஒரு நொடி பார்த்துப் புறந்தள்ளும். ‘இவர் ஜனவரி முதல் அக்டோபர் வரை சனிக்கிழமைதோறும் வந்தார், நான்கு தொடக்கநிலை மாணவருக்குக் கணிதம் கற்பித்தார், வராத பிள்ளையின் வீட்டிற்குத் தொலைபேசியில் பேசிக் காரணம் அறிந்தார், அடுத்து வருபவர்க்கென ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் குறிப்பு எழுதி வைத்தார்’ என்று நான்கு வரி எழுதினால், அக்கடிதம் அவரது உழைப்பைப் படம்பிடித்துக் காட்டும். அதை எழுத வேண்டுமாயின் அவரைக் கவனித்திருக்க வேண்டும். கவனித்தலே பாராட்டின் பெரும்பகுதி. பல்கலைக்கழகங்களும் இத்திசையில் நகர்கின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் அண்மை ஆண்டுகளில் சமூகப் பணியைப் பொதுக்கல்விப் பாடங்களுள் ஒன்றாகவே சேர்த்து, பருவங்கள் தொடரும் பணிக்குப் பாடமதிப்பும் வழங்குகிறது. அங்கே மணிக்கணக்கோடு, கற்றது என்ன என்ற வினாவும் எழுகிறது.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தெரிந்த வீட்டுப் பிள்ளை, பாவம், பட்டமளிப்பு நெருங்குகிறது என்று இரங்கி, வராத நேரத்திற்குக் கையொப்பமிடும் பழக்கம் எந்த அமைப்பிலும் தலைகாட்டக்கூடும். அது அன்பாகத் தோன்றும். ஆனால் ஓராண்டு உண்மையாக வந்தவரின் தாளை அது அந்தக் கணத்திலேயே மதிப்பிழக்கச் செய்கிறது. இளைய வயதில் ஓர் ஆலயத்தின் முத்திரையோடு பொய் பெறுவது, அந்தப் பிள்ளைக்கும் நல்ல தொடக்கமன்று. வருகைப் பதிவேடு ஒன்றை வாயிலிலேயே வைத்து, வந்த நேரமும் சென்ற நேரமும் அன்றன்றே எழுதச் செய்துவிட்டால், பொறுப்பாளர் எவரிடமும் ‘இல்லை’ என்று சொல்லும் தர்மசங்கடம் நேராது.

கணக்கு முடிந்தபின் வருபவரை எவ்வாறு நடத்துவது என்பது எஞ்சியிருக்கும் செய்தி. 81ஆவது மணி நேரத்திற்கு எந்தத் தாளும் இல்லை. எனவே அன்று வருபவர் தாமாக வருகிறார். அவரைப் புதியவர்களோடு வரிசையில் நிறுத்தாமல், புதியவர்க்கு வழிகாட்டும் பொறுப்பை அளிக்கலாம். துணைப்பாட வகுப்பின் அடுத்த ஆண்டுத் திட்டத்தை வகுக்கும் கூட்டத்தில் அவருக்கு ஓர் இருக்கை தரலாம். குழுக் கூட்டங்களில் இளையரே வருவதில்லை என்னும் குறை ஆண்டுதோறும் ஒலிக்கிறது. அழைப்பு யாருக்கு அனுப்பப்பட்டது என்று பார்த்தால் விடை கிடைக்கும். வரும் ஜனவரியில் பல்கலைக்கழகப் பருவம் தொடங்குமுன், அதாவது டிசம்பர்க் கூட்டத்திலேயே, பொறுப்பாளர் ஒருவரையும், பணிப் பட்டியலையும், பதிவேட்டையும் குழு முடிவு செய்துவிட்டால், தைப்பூசத்திற்கு வரும் மாணவர்க்கு வாயிலிலேயே பெயர் சொல்லி வரவேற்க ஓர் ஆள் இருப்பார்.